எந்த அதிகாரத்தில் ஒத்துழைத்தீர்?

வெண்மலை நாட்டுக்கும் செம்மண் நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு. அதன்மேல் ஒரே ஒரு பாலம். இக்கரையில் வெண்மலையின் சுங்கக் காவலன் செங்கோடன். அக்கரையில் செம்மண்ணின் காவலன் பொம்மையன். சரக்கு வண்டி வந்தால் செங்கோடன் மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டு, "சுத்தந்தான், விடுய்யா!" என்று கத்துவான். பொம்மையன் விடுவான். ஆள் நடமாட்டமில்லாத அந்த இடத்தில் இருவருக்கும் வேறு பேச்சுத்துணை கிடையாது.

சரக்குப் பாதையைப் பாதுகாக்க இரு நாடுகளும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. முதல் ஆணை வந்தது: இரு கரைக் காவலரும் பேசிக்கொள்ளலாகாது, பேச்சு கள்ளக்கூட்டுக்கு வித்து. ஐயமிருந்தால் அவரவர் தலைநகரைக் கேட்க வேண்டும். தலைநகர் தலைநகரைக் கேட்கும். அடுத்த ஆணை: பதில் வரும்வரை சரக்கு முத்திரையோடு நிற்கும்.

சரக்கு நின்றது. வெங்காயம் முளைவிட்டது. உப்பு மழையில் கரைந்தது. அக்கரை மக்கள் உப்பில்லாக் கஞ்சி குடித்தார்கள். வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். செங்கோடன் சில நாள் மூட்டைகளோடு பேசினான். எதிரே பொம்மையன் நிற்பது தெரியும். கையசைக்கலாமா என்று ஆணையில் இல்லாததால் இருவரும் அசைக்கவில்லை.

அக்கரையில் விஷக்காய்ச்சல் பரவியது. பொம்மையன் வெளியே வருவது நின்றது. குடிசையிலிருந்து முனகல் மட்டும் கேட்டது. நின்றுபோன சரக்கில் காய்ச்சல் மருந்துப் பெட்டிகளும் முத்திரையோடு செங்கோடனின் காவலில் கிடந்தன. தலைநகரைக் கேட்டான். "தங்கள் கேள்வி ஒத்துழைப்பில் உள்ளது" என்று பதில் வந்தது.

அவன் முத்திரையை உடைத்தான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தான்.

"ஏன்யா வந்த? வேல போயிடுமே," என்றான் பொம்மையன்.

"போவட்டும். வாயத் தொற."

பொம்மையன் பிழைத்தான். இரு நாட்டுச் சுங்கத் தலைவர்களும் கூடி விசாரித்தார்கள்.

"ஒத்துழைப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது, நீவிர் இருவரும் எந்த அதிகாரத்தில் ஒத்துழைத்தீர்?"

"காய்ச்சல்ல கெடந்தான்யா. மருந்து எங்கிட்ட இருந்துச்சு," என்றான் செங்கோடன்.

"அது விளக்கமே தவிர, அதிகாரம் அன்று."

இருவரையும் அவரவர் நாட்டின் கடைசி மூலைக்கு அனுப்பத் தீர்ப்பாயிற்று. அன்றே பாலத்தில் வெற்றி விழா: ஒப்பந்தம் வந்தபின் அவ்வழியே கள்ளச்சரக்கு எதுவும் கடக்கவில்லையாம். செங்கோடனை ஏற்றிய வண்டி கிளம்பும்போது, அமைச்சர்களின் வண்டிகள் பாரம் தாங்காமல் கிறீச்சிட்டபடி, ஒரு முத்திரையும் இல்லாமல் பாலம் ஏறின. அவன் தன்னையறியாமல் எழுந்து கையை நீட்டினான்.

கூட வந்த வீரன் அவன் தோளை அழுத்தினான். "உக்காருய்யா. அது விழா வண்டி. அதையெல்லாம் பாக்கக்கூடாது."

செங்கோடன் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தான். அக்கரையில் பொம்மையனின் வண்டி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.