கிரேனில் தொங்கிய மாப்பிள்ளை

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒன்பதாவது மாடிக்கு வெளியே அந்தரத்தில் தொங்கியதை இத்தனை வருடங்களாக 'விபத்து' என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அது விபத்தே இல்லை. சுத்தமான பந்தா.

அப்போது ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. வயது இருபத்தாறு. ஒரு டிப்ளமோ, ஒரு வெள்ளை ஹெல்மெட், கழுத்தில் ஒரு விசில். உயரத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தோளிலும் இடுப்பிலும் மாட்டும் பெல்ட் உண்டு. அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஹூக். ஹூக்கை அசையாத ஏதாவது ஒன்றில் மாட்ட வேண்டும். அதற்காகவே தளத்தில் இரும்புக் கயிறு இழுத்துக் கட்டியிருப்போம். எங்கள் ஆட்களோ ஹூக்கைத் தங்கள் பெல்ட்டிலேயே மாட்டிக்கொள்வார்கள். (விழும்போது தன் சட்டைக் காலரைத் தானே பிடித்துக்கொள்வதற்குச் சமம்.) நான் நாள் முழுக்க "ஹூக்க மாட்டு, ஹூக்க மாட்டு" என்று விசிலடித்துக்கொண்டே திரிவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஹூக்கு சார்' என்று பெயர்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் பிரேமா. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, மத்திகிரியில் தோழிகளோடு வாடகை வீடு. ஜாதகம் பொருந்திவிட்டது. அவர்கள் வீட்டில் கையும் நனைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பது. வழக்கமாக யாராவது ஒரு மாமா வருவார், வாட்ச்மேனோடு டீ குடித்தபடி பையனின் பழக்கவழக்கங்களைக் கறந்துகொண்டு போவார். எங்கள் விஷயத்தில் ஒரு மதியம் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல், அவளே கேட்டில் வந்து நின்றாள்.

"விசாரிக்கறதுக்கு எங்க வீட்ல ஆள் இல்லீங்க. அதான் நானே வந்துட்டேன். நீங்க போய் வேலையப் பாருங்க, நான் கீழ நின்னுகினு பாக்கறேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளுக்கு ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்து ஷெட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, லிஃப்டில் ஒன்பதாவது மாடிக்குப் போனேன்.

அங்கே சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்குக் கான்கிரீட் ஊற்றும்போது இரண்டு பக்கமும் நிறுத்தும் பெரிய பலகையைப் பேனல் என்போம். இரண்டு ஆள் உயரம் இருக்கும், பின்னால் முழுக்க இரும்புச் சட்டம். கான்கிரீட் இறுகியதும் அதைப் பிரித்து, கிரேனில் கட்டி, மேல் மாடிக்குத் தூக்குவார்கள். பேனல் வெளியே போவதற்காக அந்த இடத்தில் மட்டும் ஓரத் தடுப்பைக் கழற்றியிருந்தார்கள். கழற்றலாம், தூக்கலாம் என்று காலையில் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

ஓரத்துக்குப் போனால்தான் கீழே இருப்பவளுக்கு நான் தெரிவேன். போனேன். நெஞ்சை நிமிர்த்தி விசிலை வாயில் வைத்தேன்.

"சார், அந்தப் பக்கம் வாணாம் சார். பேனல் ஏறப் போவுது" என்றார் வெங்கடப்பா. சென்ட்ரிங் மேஸ்திரி. ஆந்திர எல்லைக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர்.

"எனக்கே பாடமா? மொதல்ல நீ ஹூக்க மாட்டு!" என்றேன். மாட்டுவது எப்படி என்று அவருக்கும், கீழே நிற்பவளுக்கும் சேர்த்துக் காட்டுவதற்காக என் ஹூக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, கைக்கு எட்டிய இரும்பில் 'க்ளிக்' என்று மாட்டிவிட்டு, விசிலை மறுபடி வாயில் கவ்விக்கொண்டேன். இரும்புக் கயிறு பத்தடி தள்ளி இருந்தது. கைக்கு எட்டியது பேனலின் சட்டம்.

சிக்னல் கொடுப்பவர் பேனலுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் அவர் கண்ணில் படவில்லை. அவர் கையை உயர்த்த, கிரேன் தூக்கியது. என் கயிறு விறைத்து, நான் இரண்டு எட்டு நடந்தேன். மூன்றாவது எட்டுக்குத் தரை இல்லை.

அலறினேன். ஆனால் வாயில் விசில் இருந்ததால் அலறல் விசிலாகத்தான் வெளியே வந்தது. ஒரு வருடமாக என் விசிலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெங்கடப்பா ஒருவர்தான் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினார். கிரேன் நின்றது. நிற்காதது பேனல்தான். அது வெளியே வீசி, திரும்ப உள்ளே வந்தது. கூடவே நானும் வந்தேன். வெங்கடப்பா ஒரு கையால் என் காலைப் பிடித்து உள்ளே இழுத்து, இன்னொரு கையை நீட்டிப் பேனலைத் தடுத்தார். பேனல் அந்தக் கையைத் தூணோடு வைத்து நசுக்கியது.

வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. எனக்கு முட்டியில் ஒரு சிராய்ப்பு.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய கையோடு புராஜெக்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பாதுகாப்பு அதிகாரியே தொங்கினான்னு ரிப்போர்ட் போனா நான் எங்கய்யா மூஞ்சிய வெச்சுக்கறது? அந்த ஆள் தப்பான எடத்துல நின்னான்னு எழுது. கீழ யாராச்சும் பாத்திருந்தா அவங்க கையெழுத்தும் வாங்கிக்க."

எழுதினேன். 'தொழிலாளி பாதுகாப்பற்ற இடத்தில் நின்றிருந்ததால் காயம் ஏற்பட்டது.' அப்படி எழுதினால் அவருடைய கேட் பாஸ் அன்றைக்கே ரத்தாகும், கம்பெனியின் எந்த சைட்டிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பிரேமா இன்னும் ஹெல்மெட்டோடு ஷெட்டில் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை நீட்டினேன். நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

நான் கழுத்து விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

"உங்களப் புடிக்கப் போயிதான் அவரு கை நசுங்குச்சு. நான் பாத்தேனே. பாக்காத பீஸுக்கு நான் பாஸ் போடறதில்லீங்க."

காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை நாலே வரியில் எழுதினாள். கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் போட்டாள். பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். "இத நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

அந்த இடத்தில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு இருபது எட்டு. அதற்குள் இரண்டு முறை அதைக் கிழித்துப்போட நினைத்தேன். படம் அவளிடம் இருக்கிறதே என்ற பயத்தில்தான் கொடுத்தேன்.

மேனேஜர் படித்துவிட்டு, "யாருய்யா இந்தப் பொண்ணு?" என்றார்.

"எனக்குப் பாத்திருக்கற பொண்ணு, சார்."

அவர் என்னை முதன்முறையாகப் பரிதாபமாகப் பார்த்தார். மறுநாள் எனக்கு வேலை போயிற்று. வெங்கடப்பாவின் பாஸ் போகவில்லை. ஆனால் சுத்தியல் பிடிக்க முடியாதவருக்குச் சென்ட்ரிங் வேலை ஏது? ஸ்டோரில் உட்கார்ந்து பெல்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, "உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே சார்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

பிரேமா என்னையே கட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "டிஃபெக்ட் எங்கன்னு தெரிஞ்ச பீஸ் பரவால்ல" என்றாள்.

எங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது. வீட்டில் எது உடைந்தாலும், "டம்ளர் பாதுகாப்பற்ற இடத்தில் நின்றிருந்தது" என்பாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கடப்பா எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார். அன்றைக்கும் ஒரு தட்டை உடைத்துவிட்டு அதையே சொன்னாள். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

"அது இன்னா கதை சார்? சொல்லுங்க, நானும் சிரிக்கறேன்" என்றார்.

முதலில் எழுதிய ரிப்போர்ட்டைப் பற்றி அவரிடம் யாரும் சொன்னதில்லை. நான் பிரேமாவைப் பார்த்தேன். அவள் எழுந்து ரசம் எடுக்கப் போய்விட்டாள்.

சொன்னேன். முழுதும் கேட்டார். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, அதே வலது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அது மூன்று விரல்களில் நழுவி இலை முழுக்கக் கொட்டியது.

"தண்ணி பாதுகாப்பில்லாத எடத்துல இருந்திச்சு சார்" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் அந்த ஜோக்கை அதிகம் சொல்வது அவர்தான். சொல்லும்போதெல்லாம் என் முகத்தைத்தான் பார்ப்பார்.