என் பேரில் இன்னொரு ரத்தம்

எங்கள் நல வாழ்வகத்துக்கு வருகிற எவருக்கும் இனிமேல் ரத்தம் எடுக்காமல் சோறு போடுவதில்லை என்று போன தை மாதம் ஒரு முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான். மாட்டிக்கொண்டதும் நான்.

தொப்பூர் கணவாய்க்குக் கீழே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு மாந்தோப்பு. அதற்குள் சில ஓலைக் குடில்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். மண் குளியல், மூச்சுப் பயிற்சி, கேழ்வரகுக் களி, கீரை. ஞாயிற்றுக்கிழமை முகம் தெளிந்து திரும்பிப் போவார்கள். இதில் மண் குழைப்பது, மூச்சு விடச் சொல்வது இரண்டும் என் வேலை. மிச்சமெல்லாம் என் மனைவி தீர்த்தம்மாள் வேலை. மிச்சம் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். விடியற்காலையில் அடுப்புப் பற்ற வைத்தால் ராத்திரிதான் அணையும்.

அந்த வாரம் வந்த ஒரு இளைஞர், கையில் கடிகாரம் மாதிரி ஒன்று கட்டியிருந்தார். அது அவருடைய தூக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே இருந்தது. களியை உருட்டியபடி அவர்தான் என் தலையில் அந்தப் புழுவை விட்டார்.

“சார், ஒவ்வொருத்தர் ஒடம்பும் வேற. எல்லாருக்கும் ஒரே களி போட்டா எப்படி? டெஸ்ட் பண்ணி, அவங்கவங்க ரத்தத்துக்கு ஏத்த மாதிரி சாப்பாடு குடுங்க. இப்ப பெரிய ரிட்ரீட்ல எல்லாம் அதான்.”

பெரிய என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன்.

“தீர்த்தா! இனிமே ஆளாளுக்குத் தனி ரத்தம், தனி ரிப்போர்ட்டு, தனிச் சாப்பாடு!”

“ஆளாளுக்குத் தனிப் பொண்டாட்டியும் ஏற்பாடு பண்ணிடுங்க. தனித்தனியா ஆக்கிப் போட எனக்கு ரெண்டு கைதான் இருக்குது.”

“இது விஞ்ஞானம்.”

“வெங்காயம் உரிக்க அது வருமாங்க?”

“நீ எதையும் எட்ட நின்னு பாரு தீர்த்தா.”

“எட்ட நிக்க எங்கங்க நேரம்? அடுப்புக்கிட்டயே நிக்கறேன்.” கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, என்னைத் தலையிலிருந்து தொப்பை வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். தொப்பையில் பார்வை கொஞ்சம் தங்கியது. “சரிங்க. வர்றவங்களக் குத்தறதுக்கு முன்னாடி நம்மளக் குத்திப் பார்ப்போம். மொத ஊசி உங்களுக்கு.”

துண்டை இழுத்துத் தொப்பையை மூடிக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. விருந்தினர்கள் முன்னால் வயிற்றைத் தட்டி, ‘இது களி கட்டிய ஒடம்பு’ என்று சொல்வேன். உண்மையில் அதைக் கட்டியது கருப்பண்ணன். கணவாய் ஏறுகிற இடத்தில் லாரிக்காரர்களுக்காகப் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார். மண் குளியலுக்கு நல்ல மண் பார்த்து வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் போய் உட்கார்வது அங்கேதான். ஒருநாள் விட்டு ஒருநாள் மண் பார்ப்பேன். சால்னாவோடு பார்ப்பேன்.

சரி, பரிசோதனைக்கு முந்தின நாள் பட்டினி கிடந்தால் தப்பித்துவிடலாம் என்று கிடந்தேன். சனிக்கிழமை காலையில் தர்மபுரி லேபிலிருந்து ஸ்கூட்டியில் பிரியதர்ஷினி வந்தாள். சின்னப் பெண். சிரித்த முகம். என் கையில் ரப்பர் கட்டிக்கொண்டே சொன்னாள்.

“பட்டினி கெடந்தெல்லாம் இந்தச் சக்கரை டெஸ்ட்ட ஏமாத்த முடியாதுங்கய்யா. மூணு மாசமா என்ன தின்னீங்கன்னு இது சொல்லிடும்.”

“மூணு மாசமுமாம்மா?”

“ஆமாங்க. ஏன், ஊசின்னா பயமாங்க?”

ஊசிக்கு யார் பயந்தார்கள்? மூன்று மாதப் புரோட்டாவும் அடுக்கடுக்காக எழுந்து வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்வது போல் இருந்தது.

எனக்கு எடுத்தாள். தீர்த்தம்மாளுக்கும் எடுத்தாள். குழாய்களில் பேர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி மேசைமேல் அடுக்கி வைத்தாள். அந்த நேரம் பார்த்து, “வாம்மா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ” என்று தீர்த்தம்மாள் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மேசைமேல் குழாய்கள். பக்கத்தில் நான். ஆள் அரவமில்லை.

நகத்தால் சுரண்டினேன். என் பேர் தீர்த்தம்மாள் குழாய்க்குப் போனது. அவள் பேர் என் குழாய்க்கு வந்தது. களியும் கீரையும் தின்று வளர்ந்த உடம்பு, அவள் ரத்தம் தங்கமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அவளுக்குச் சக்கரை என்று வந்தால்? வயசானால் வருவதுதானே, அப்புறம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அவ்வளவுதான் யோசித்தேன். தீர்த்தம்மாளிடம் காப்பித் தம்ளரை வாங்கியபோது விரலிலிருந்த பசையில் அது ஒட்டிக்கொண்டது. அவ்வளவு யோசித்தவனுக்குக் கை கழுவத் தோன்றவில்லை.

மறுநாள் பிரியதர்ஷினி ரிப்போர்ட்டோடு வந்தாள்.

“ஐயாவுக்குச் சக்கரை சுத்தமா இல்லீங்க. சின்னப் பையன் மாதிரி இருக்கறீங்க.”

மார்பை விரித்தேன்.

“ஆனா ரத்தம் ரொம்பக் கம்மிங்கய்யா. ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்குது. இதை வெச்சுக்கிட்டு எப்படிங்க நடமாடறீங்க? நடந்தா மூச்சு வாங்குதா? குனிஞ்சு நிமுந்தா தல சுத்துதா? சாயங்காலம் ஆனா காலு ரெண்டும் கெஞ்சுமே?”

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் தீர்த்தம்மாளைப் பார்த்தேன். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எத்தனை நாளாக இப்படிச் சுவரைப் பிடிக்கிறாள்? எனக்குத் தெரியவில்லை. பெங்களூர்க்காரர்களைத் தோப்பில் உட்கார வைத்து, ‘மூச்ச ஆழமா இழுங்க, மெதுவா விடுங்க’ என்று மணிக்கணக்கில் சொல்கிறவன் நான். பின்னால் சமையல்கட்டில் ஒருத்தி மூச்சுக்குத் திணறியது என் காதில் விழவில்லை.

“அம்மாவுக்குத்தான் சக்கரை ஏறிக் கெடக்குது” என்றாள் பிரியதர்ஷினி.

“எனக்கா? சரிம்மா” என்றாள் தீர்த்தம்மாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு வெல்லக் காப்பி குடிப்பாள். அவளுக்கென்று இருந்த ஒரே ருசி அதுதான். அன்றைக்கே அதை நிறுத்தினாள். அடுப்போரம் நின்று வெறும் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் தனித்தனிச் சாப்பாடு. எனக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. அவளுக்குப் பாகற்காய், வெந்தயத் தண்ணீர், ஒரு சின்ன உருண்டைக் களி. ஈரல் வறுவல் வாசம் மூக்கில் ஏறியது. தொண்டையில் இறங்கவில்லை. என் தட்டில் இருப்பது அவளுடைய மருந்து. அவள் தட்டில் இருப்பது என்னுடைய தண்டனை.

“தீர்த்தா, இந்த ஈரல நீ தின்னு.”

“ஐயோ, எனக்கு ரிப்போர்ட்டுல ஈரல் எழுதலைங்க.”

“நான் சொல்றேன், தின்னு.”

“அப்ப உங்க ஒடம்பு? ஏழு பாயிண்டு வெச்சுக்கிட்டு ஏன் இப்படிப் பண்றீங்க?”

“எனக்கு ஊறிக்கும். அந்தப் பாகற்காய இப்படித் தள்ளு.”

“வேண்டாங்க, கசக்கும்.”

“கசக்கட்டும். எனக்குக் கசக்கணும்.” தட்டை மாற்றி வைத்து ஈரலை அவளுக்கு ஊட்டினேன்; தினமும் இப்படித்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். திறக்கிறபோதெல்லாம் அவள் அதில் ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டாள். அதை வெளியே போய்த் துப்பிவிட்டு, டப்பாவிலிருந்து வேறு பழம் எடுத்து அவளுக்குக் கொடுப்பேன்.

சொல்ல முடியாதவன் செய்யத் தொடங்கினேன். குடம் நான் தூக்கினேன். வெங்காயம் நான் உரித்தேன். உரிக்கும்போது அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், அது ஒரு வசதி. சமையல்கட்டில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். அந்தச் சமையல்கட்டில் அதுவரைக்கும் நாற்காலியே கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “நீ தின்னியா?” என்று வேளாவேளைக்குக் கேட்டேன். நான் கேட்கிறபோதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சோர்வு என்று நினைத்து இன்னும் உருகுவேன்.

கருப்பண்ணன் போன் செய்தார்.

“என்னாங்க, ஆளையே காணோம்? மண்ணு கெடச்சிருச்சுங்களா?”

“என் தலையில நானே போட்டுக்கிட்டேன் கருப்பண்ணா” என்று சொல்லிப் போனை வைத்தேன். புரோட்டா நினைப்பு வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள்தான் கண்ணில் நின்றாள். அந்தப் பக்கமே போகவில்லை.

மாமரங்களில் பிஞ்சு விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருந்தினர்கள் எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள். சமையல்கட்டுக்குள் போனால், தீர்த்தம்மாள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. கை தொங்கியது.

எனக்கு உயிர் போய்விட்டது. ஓடிப்போய்க் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தீர்த்தா! கண்ணத் தொற! உனக்குச் சக்கரையே இல்ல! அது என் ரத்தம்! ஏழு உன்னோடது! நான்தான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டுனேன். புரோட்டா தின்னது தெரிஞ்சிரும்னு பயந்துக்கிட்டு, உன் சீக்க மறைச்சுப்புட்டேன். நான் பாவி!”

ஒரு கண் திறந்தது.

“செத்த கண்ணசர வுடமாட்டீங்களா?”

“நீ… மயக்கமில்லையா?”

“நாற்காலி போட்டுக் குடுத்தீங்கல்ல, தூக்கம் வருதுங்க.” இன்னொரு கண்ணும் திறந்தது. “ஸ்டிக்கர் மாத்துனதா? அது அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்.”

“எப்படி?”

“பிரியதர்ஷினி போன் பண்ணுச்சு. ‘அம்மா, ஹார்மோன் டெஸ்டுல ஐயாவுக்கு ஆம்பள ஹார்மோன் இருக்கற எடமே தெரியல. உங்களுக்கு எக்கச்சக்கமா இருக்குது. ரத்தம் மாறிப் போச்சோ?’ன்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“மாறலம்மா, எங்க வூட்டு நெலவரமே அதான்னு சொன்னேன். அது நம்பல. அப்பத்தான் உங்க விரல்ல தம்ளரு ஒட்டிக்கிட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு. அந்த ஹார்மோன் பக்கத்த மட்டும் எடுத்துட்டு, மிச்சத்தை மாறுன பேருலயே படிச்சுக் காட்டச் சொன்னேன்.”

என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

“அப்ப உன் ஒடம்பு?”

“திங்கக்கெழமையே தர்மபுரி போயி டாக்டரம்மாவப் பார்த்தேன். மாத்திரை சாப்புடறேன். கூடவே தெனமும் நீங்க ஈரல் ஊட்டி வுட்டீங்க. இப்ப பதினொண்ணு.” கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். நிறம் வந்திருந்தது. அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா? சக்கரை இருக்குது, புரோட்டாவ வுடுங்கன்னு நான் சொன்னா வுடற ஆளா நீங்க? மண்ணு பார்க்க இன்னும் தூரமாப் போயிருப்பீங்க. பாவம் பண்ணிட்டோம்னு பயந்தாத்தான் வுடுவீங்க. அதான், பயந்துக்கிட்டுக் கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

“இத்தன நாளும் நான் எப்படித் தவிச்சேன் தெரியுமா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“தெரியுங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணாலம் ஆன நாள்லேருந்து நீ தின்னியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப வேளாவேளைக்குக் கேட்டீங்க. உண்மையச் சொல்லி அதை ஏங்க நான் கெடுத்துக்கணும்?”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரிசோதனைக்கு ஆள் வைத்து, ஊசி குத்தி, ரத்தம் எடுத்துத் தெரிந்துகொள்கிற விஷயமா அது? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த பரிசோதனையில் என் ரத்தம் என் பேரிலேயே போனது. சக்கரை பாதி வழி இறங்கியிருந்தது. ஸ்டிக்கர் ஒட்டி முடிகிறவரைக்கும் பிரியதர்ஷினி என்னைத் தோப்புக்கு வெளியே நிற்க வைத்தாள்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் தோப்பில் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. நடத்துவது தீர்த்தம்மாள். உதவிக்கு இரண்டு சமையல்காரப் பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். எனக்கு வெங்காயம் நிரந்தரமாகிவிட்டது. போன வாரம் பெங்களூர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, என்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் என் வயிறு எவ்வளவு இருந்தது என்று கையை விரித்துக் காட்டினாள். இரண்டு கையும் போதவில்லை. பக்கத்தில் இருந்தவர் கையையும் வாங்கிக்கொண்டாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்குச் சந்தேகம்.

“ஆன்ட்டி, இவருதான் இங்க ஓனரா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் தீர்த்தம்மாள் சொன்னாள்.

“ஓனர் நானுங்க. இவரு சாம்பிளு.”