கத்தரிக்கோல் அன்ரியும் பூக்காத ஹைட்ரேஞ்சியாவும்

கத்தரிக்கோல் அன்ரி இருந்தவரைக்கும் வெள்ளவத்தையில் ஒரு பூவாலும் நிம்மதியாக வாட முடிந்ததில்லை. எங்கள் தொடர்மாடியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். குடை இல்லாமல் மழையில் போவார். செடி வெட்டும் கத்தரிக்கோல் இல்லாமல் படியிறங்க மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பல்கணிக்குப் போய், வாடிய பூக்களை வெட்டியெறிந்த பிறகுதான் தேத்தண்ணி.

"வாடினதை வைச்சிருந்தாச் செடி விதை கட்டப் பாக்கும் தம்பி. பிறகு புதுப்பூவுக்குச் சத்து எங்கால வரும்?"

தெஹிவளையில் ஒரு கலியாணம். படமெடுக்க மேடையேறிய அன்ரி, மணப்பெண்ணின் கொண்டையில் கருகிய மல்லிகையைக் கண்டுவிட்டார். நறுக்! பெண்ணின் தாய் அலறியதில் நாதஸ்வரமே நின்றுபோனது.

"முடியை வெட்டேல்லையப்பா, பூவைத்தான்!" என்று அன்ரி சமாதானம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பிதழ் வரவேயில்லை.

இப்பேர்ப்பட்டவரை ஒரேயொரு செடி தோற்கடித்தது. கணவரோடு கடைசியாக நுவரெலியா போனபோது அவர் வாங்கிக் கொடுத்த, பந்துபோலக் கொத்தாகப் பூக்கும் நீல ஹைட்ரேஞ்சியா. பஸ்ஸில் அன்ரி அதை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். வரும்போது இருந்த பூ வாடியது. பிறகு இலை மட்டும்தான். கணவரும் போய்ச் சேர்ந்தார். அதில் இன்னொரு பூ பார்த்துவிட வேண்டும், அன்ரிக்கு வேறு ஆசையே கிடையாது. கடற்காற்றைத் திட்டினார், குழாய்த் தண்ணீரைத் திட்டினார், பக்கத்தில் நின்று தும்மியதற்காக என்னையும் திட்டினார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் முன் திரைச்சீலை தோய்த்து, மின்விசிறி துடைத்து, செடிகளையும் மொட்டையடிப்பார். ரோஜா தளிர்த்துப் பூக்கும். ஹைட்ரேஞ்சியா தளிர்ப்பதோடு சரி.

மகளின் பிரசவத்துக்கு அன்ரி கனடா போனார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கைப்பையிலிருந்த கத்தரிக்கோலைப் பறித்துவிட்டார்கள்.

"இதாலயோ பிளேனை வெட்டப் போறன்?" என்று சண்டை பிடித்ததாகப் போனில் சொன்னார். செடி என் பொறுப்பு. "பொங்கலுக்கு முந்தி மறக்காமல் வெட்டிவிடு தம்பி."

பொங்கல் வந்தது. கத்தரிக்கோலோடு போய் நின்றேன். அன்ரி விட்டுப்போன அந்தப் பச்சையை வெட்ட எனக்குக் கை வரவில்லை.

சித்திரையில் அது பூத்தது! வீடியோவில் காட்டினேன். அன்ரி முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"வெட்டினனியோ?"

"இல்லை அன்ரி."

"இஞ்ச பக்கத்து வீட்டு மனுசி சொன்னவ, போன வருசத் தடியிலதானாம் மொட்டு வரும். அந்தாள் வாங்கித் தந்த பூவை வருசா வருசம் நானேயெல்லோ வெட்டியிருக்கிறன்!" சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். உடனே அதட்டல்: "வாடினாப் பிறகு தலையை மட்டும் எடு. கீழ பருத்த மொட்டுச் சோடி இருக்கும், அதுக்கு மேல வெட்டு. மிச்சத்தில கை வைச்சியோ, பார்!"

"எப்ப வாறீங்கள் அன்ரி?"

"பேரன் விடுறானில்லைத் தம்பி."

இப்போது பூ வாடிவிட்டது. அவர் சொன்ன இடத்தில் வெட்டினேன். பக்கத்துக் கதவு பூட்டியே கிடக்கிறது. மாடி முழுக்கப் பூக்கள் தம் பாட்டில் வாடி உதிர்கின்றன, கேட்பாரில்லை.

பூவே வேண்டாம் அன்ரி. வந்து அடியோடு வெட்டுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன்.