குந்துன்னா குந்தணும்

திருவொற்றியூரில் தமிழ் சொல்லிக்கொடுத்தே இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ‘சிக்னல்’ அண்ணன்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. இரும்புக் குழாய் யார்டு ஒன்றில் நான் குமாஸ்தா. கீழே நின்று கிரேன் டிரைவருக்குக் கைச்சைகை காட்டுவது அண்ணனின் வேலை. ஒருநாள் ஒரிசாவிலிருந்து எட்டுப் பேர் வேலைக்கு வந்தார்கள். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

“வாய் வரலன்னா இன்னா? அதான் ஒடம்பு கீதே!” என்றார் அண்ணன்.

சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பு தொடங்கியது. ‘குந்து’ என்று கத்திவிட்டுக் குந்துவார். ‘எகிறு’ என்று எகிறுவார். எண்பத்தைந்து கிலோ உடம்பு. என் மேஜையில் டீ கிளாஸ் ஆடும். எட்டுப் பேரும் கூடவே குந்தி, எகிறி, உருண்டார்கள். செய்யாமல் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். “சொம்மா பேசிகினு கீறியே, நீ இன்னா ரேடியோவா?”

ரபி என்கிற தாடிக்காரர்தான் முதல் மாணவர். ஒருநாள் தாமதமாக வந்தவரிடம், “ஏன் லேட்?” என்றார் மேனேஜர். ரபி மேனேஜர் அறையிலேயே நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, “தூங்கிட்டேன் சார்” என்றார். மயக்கம் என்று பதறிய மேனேஜர் ஒரு ஜக் தண்ணீரை முகத்தில் ஊற்றிவிட்டார். விஷயம் தெரிந்ததும், “நாளையிலிருந்து இந்தக் கூத்து கூடாது!” என்று உத்தரவு.

மறுநாள் காலை, கிரேன் தூக்கிய குழாய்க் கட்டு ஒரு பக்கம் நழுவி, கீழே சரக்கு எண்ணிக்கொண்டிருந்த எங்களை நோக்கி ஆடி வந்தது.

“குந்து!” என்று அலறினார் அண்ணன்.

எட்டுப் பேரும் அந்த நொடியே குந்தினார்கள். பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் நானும் மேனேஜரும் மட்டும், “என்ன?” என்று நிமிர்ந்து பார்த்தோம். ரபிதான் எங்கள் இருவர் சட்டையையும் பிடித்துக் கீழே இழுத்தார். குழாய்கள் தலைக்கு மேல் போயின.

மேனேஜர் பேன்ட்டில் மண்ணைத் தட்டிக்கொண்டே, “கிளாஸ் நடக்கட்டும்ப்பா” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கிரேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “ஒருத்தனுக்கு மறந்திருந்தா இன்னா ஆயிருக்கும் நைனா?” என்று திரும்பத் திரும்ப என்னைக் கேட்டார்.

அன்று சாயங்காலம் அவரை என் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன். வழி முழுக்க என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கும் வேகமாக மிதிக்க மனசு வரவில்லை.