முனகும் மோட்டாரும் முதல் புகார்தாரரும்

குடிநீர் வழங்கல் துறையில் ஓர் உயர்ந்த வழக்கம் உண்டு. மோட்டார் பழுது என்று நீங்கள் புகார் சொன்னால் அதிகாரி நேரில் வந்து பார்க்க மாட்டார். மோட்டார் போடும் சத்தத்தைப் பதிவு செய்து நீங்கள்தான் அவரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே காதால் பரிசோதித்து, பழுதா இல்லையா என்று தீர்ப்பு வழங்குவார். அதிகாரி தெருத்தெருவாக அலைந்தால் துறையின் மாண்பு என்ன ஆவது? நியாயம்தானே!

எனக்குச் சலவைக் கடை. கடைக்குப் பின்னால்தான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் அனுப்பும் மோட்டார் அறை. ஒரு நாள் அந்த மோட்டார் "ஙூ...ம்ம்... டக்... ஙூ...ம்ம்" என்று முனக ஆரம்பித்தது. முனகல் வந்ததே தவிர, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் இல்லாத சலவைக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்ய, காற்றிலா துவைக்க? அழுக்கு மூட்டைகள் கூரையைத் தொட்டன. தங்கள் சட்டையைத் தேடி வந்தவர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள்.

சத்தத்தைப் பதிவு செய்ய வீட்டிலேயே ஆள் இருந்தான். என் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டரில் இசை செய்கிறவன். அவன் செய்கிற வகைக்கு ஆம்பியன்ட் டெக்னோ என்று பெயர். பாட்டு கிடையாது, மெட்டு கிடையாது. பக்கத்து வீட்டில் யாரோ எதையோ இடிக்கிற மாதிரி ஒரு தாளம், அதன் மேல் மூட்டமாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று செய்தவனுக்கே தெரியாது.

மோட்டார் அறையில் மைக்கை வைத்துவிட்டு வந்தவன், மறுநாள் கண் கலங்கி நின்றான்.

"அத்தான், அந்த மோட்டார் என்னமா பேசுது தெரியுமா! ஆனா அப்படியே குடுத்தா மொட்டையா இருக்கும். அதான் அடியில கொஞ்சம் தாளம், மேல கொஞ்சம் பனி போட்டிருக்கேன்."

"தண்ணியே வராத தெருவுக்குப் பனி எதுக்குடா?"

"அதிகாரி காதுக்கு இதமா இருக்க வேணாமா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. என் புத்தியை என்ன சொல்ல!

துறை அலுவலகத்தில், நான் கொண்டுபோன பதிவைக் கேட்கச் செவிவழி ஆய்வு அலுவலர் ஹெட்ஃபோனை மாட்டினார். முகத்தைச் சுளித்தார். பிறகு அவர் விரல் மேஜையில் தாளம் போட்டது. பிறகு கண் மூடியது. அலுவலக நேரத்தில் கண் மூடுவது அவருக்குப் புதிதல்ல, ஆனால் தூங்காமல் மூடியது அன்றுதான் முதல் முறை என்று பக்கத்து மேஜை அம்மா ரகசியமாகச் சொன்னார்.

"சார், பழுதுதானே?"

"உஷ்!"

"இல்ல சார், தண்ணி..."

"வரும் வரும்னு ஒரு ஏக்கம் இருக்கு பாருங்க இதுல! வந்துட்டா என்ன இருக்கு? வராம இருக்கிறதுலதான்யா சுகம்!"

அவர் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டார். பொறியாளர் கேட்டுவிட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னார். புகார் வரிசையில் நின்றவர்களுக்கும் ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, லேசாக ஆடியபடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். இத்தனை புகார்கள் ஒரே மதியத்தில் தீர்ந்தது துறையின் வரலாற்றிலேயே இல்லையாம். மகிழ்ந்துபோன துறை, 'வருகைக்கு முன்' என்ற தலைப்பில் அதைத் தானே ஆல்பமாக வெளியிட்டது.

அப்புறம் பிடித்தது பாருங்கள் ஊருக்குப் பைத்தியம்! லிஃப்டில் அதுதான், பல் டாக்டர் அறையில் அதுதான். "டக் என்ற ஓசைக்குப் பிறகு வரும் மௌனத்தில் நான் என்னையே இழந்தேன்" என்று ஒரு விமர்சகர் எழுதினார். தண்ணீர் ஒழுங்காக வருகிற வீட்டுக்காரர்கள் பிளம்பரைக் கூப்பிட்டு, குழாய்க்குள் காற்றை ஏற்றி முனகவிட்டுக் கேட்டார்கள். கறுப்பு உடை போட்ட கூட்டம் ஒன்று என் கடைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு பொழுதன்னைக்கும் நின்றது.

அதில் ஒருவரைக் கேட்டேன், "இப்படி நிக்கிறீங்களே, என்ன தோணுது?"

"உள்ள ஒண்ணுமே இல்லைன்னு தோணுது."

"என் கடைத் தொட்டியிலயும் ஒண்ணுமே இல்லைங்க!"

"ஆகா, என்ன ஆழம்!" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அலுவலகத்துக்கு ஓடினேன். "சார், ஆல்பம் இருக்கட்டும், மோட்டாரைச் சரி பண்ணுங்க."

"எதைச் சரி பண்றது? வேலை செய்யாததுக்குப் பேருதான் பழுது. நம்ம துறையிலேயே ஒழுங்கா வேலை செய்யுறது அந்த மோட்டார் ஒண்ணுதான்!"

அது மட்டுமல்ல, பழுதுப் பாதுகாவலர் என்று ஒரு புதிய பதவியை உண்டாக்கி, ஆளையும் நியமித்தார்கள். அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத அறைக்கு, பழுது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் ஆள் வந்தது.

கடையில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சலவை மெஷினை வாங்க ஒருவர் வந்து, கதவு வழியாக வெளியே போகுமா என்று அளந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் மனைவி மெஷினை ஒரு முறை துடைத்தாள். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராக மோட்டார் அறைக்குப் போனேன்.

பாதுகாவலர் மோட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஹெட்ஃபோனில் அதே மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனது அவருக்குத் தெரியாது. மோட்டாரின் மேலே இருந்த திருகாணியைத் தளர்த்தினேன். அடைத்துக்கொண்டிருந்த காற்று "புஸ்ஸ்..." என்று போனது. போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. பின்னாலேயே தண்ணீர் முகத்தில் அடித்தது! திருகி மூடினேன். தெரு முழுக்கக் குழாய்கள் கொட்டின. மனைவி குழாய்க்குக் கீழே தலையை நீட்டிக்கொண்டு "வந்துருச்சுங்க, வந்துருச்சு!" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கறுப்பு உடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "ஐயோ, சளசளன்னு வருதே!"

எத்தனை தடவை கூப்பிட்டும் வராத பொறியாளர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். மோட்டாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர சுத்தியலால் ஒரு போடு போட்டார்கள். தண்ணீர் வேகம் கூடியது. உதைத்தார்கள். இன்னும் கூடியது. இதுவரை இரண்டாம் மாடிக்கே ஏறாத தண்ணீர், மொட்டை மாடித் தொட்டியை நிரப்பி வழிந்தது. பழுது பார்க்கத் தெரியாதவர்களுக்குப் பழுதாக்கவும் தெரியவில்லை.

கடைசியில் செவிவழி ஆய்வு அலுவலரே வந்தார். என் கடை நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினார்.

"கலைப் பிரியர்களே! இத்தனை நாள் பராமரிப்பு இல்லாமல் கிடந்ததால்தான் இந்த மோட்டார் தானாகச் சரியாகிவிட்டது. இனி அப்படி நேராது. நாளை முதல் இது துறையின் முறையான பராமரிப்பின் கீழ் கொண்டுவரப்படுகிறது. நம் பராமரிப்புக்கு வந்த எதுவும் இன்றுவரை ஓடியதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கறுப்பு உடைக்காரர்கள் மட்டுமல்ல, தலையில் ஈரம் காயாத எங்கள் தெருக்காரர்களும் தட்டினார்கள். அப்போது அவர் என்னைக் காட்டி, "இந்தப் படைப்பின் முதல் புகார்தாரர் இவர்தான்!" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஜில்லென்று இருந்தது. நானும் தட்டினேன்.

மனைவி என் முழங்கையை இடித்தாள். "நம்ம தண்ணியை நிறுத்தப் போறாங்க. நீங்க எதுக்குத் தட்டுறீங்க?"

"எல்லாரும் தட்டுறாங்கல்ல..."

"நல்லாத்தான் இருக்கு. வாங்க, நாளைக்குள்ள வீட்டுல இருக்கிற வாளியெல்லாம் நிரப்பி வச்சுருவோம்."

அவள் சொன்னது பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்தது. அவ்வளவுதான், கூட்டம் கலைந்து தலைதெறிக்க ஓடியது. நான் வாளிகளைத் தேடி எடுத்துக்கொண்டு போவதற்குள் என் கடைக் குழாயடியிலேயே ஓர் ஆள் முந்திக்கொண்டு நின்றார். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, இரண்டு கையிலும் வாளி. செவிவழி ஆய்வு அலுவலர்!

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் கூச்சத்துடன். "எங்க தெருவுல ஆறு மாசமா பராமரிப்பு நடக்குது."