பீரோவுக்குள் பேசிய வெள்ளைக்காரர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், "தடித்த ஒலிக்குத் திசை கிடையாது" என்று ஒரு வரியைப் படித்த நொடியில்தான் அந்த யோசனை எனக்குள் இறங்கியது. அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதைப் படிக்கப் பொறுமை இல்லை. (அரைகுறையாகப் படித்துவிட்டு முழு மூச்சாகக் காரியத்தில் இறங்குவது என் பிறவிக்குணம். டிப்ளமா மார்க் ஷீட்டைப் பார்த்தாலே தெரியும்.)

யோசனைக்குக் காரணம், லப்பைக்குடிக்காட்டில் இருந்த என் நண்பன் ஜலீலின் வீடு. அவனுடைய அத்தா, அதாவது அப்பா, துபாயிலிருந்து வரும்போது ஹோம் தியேட்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அளவில் ஐந்து ஸ்பீக்கர்கள், கூடவே தடித்த ஒலிக்கென்றே அரிசி டிரம் கனத்தில் சப்வூஃபர் என்று ஒரு பெட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜலீலின் அக்கா மெஹ்ருன்னைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வருகிறார்கள். வருகிறவர்கள் முன்னால் செட் ஓட வேண்டும் என்பது அத்தாவின் ஆசை. பொருத்தும் பொறுப்பு எனக்கு.

"மாப்ள, ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சுடா. அக்கா வெளிய சொல்லிக்கல, ஆனா இந்த எடம் அதுக்குப் புடிச்சிருக்கு. நீ எதாச்சும் சொதப்புன, அத்தா என்னயப் பொட்டியோட சேத்துத் திருப்பி துபாய்க்கே பார்சல் பண்ணிடுவாரு" என்றான் ஜலீல்.

"நான் எங்கடா சொதப்பியிருக்கேன்?"

அவன் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தான். இரண்டாவது கைக்கும் போனான்.

சிக்கல் இடம்தான். கூடத்தில் சப்வூஃபரை வைத்தால் ஒரு நாற்காலி குறையும். ஆம்பளை ஆட்களே பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அப்போதுதான் நான் அந்தப் பொன்மொழியை எடுத்து விட்டேன். எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ஒலிக்குக் கூடம் எதற்கு? நிலைப்படியில் தொங்கிய துணித் திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் இருக்கும் உள்ளறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியைத் தள்ளி வைத்தேன். ஒயரை நிலைப்படி ஓரமாகவே ஓட்டிவிட்டேன். ஒரு பூனைக்குக்கூடத் தடுக்காது.

பெட்டியின் பின்னால் கிராஸ்ஓவர் என்று ஒரு திருகு. எந்த அளவு வரைக்குமான ஒலி பெரிய பெட்டிக்குப் போக வேண்டும், எதிலிருந்து சின்ன ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். எண்பதில் வை, நூறில் வை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் கடைசி வரை திருகிவிட்டேன். கம்பெனிக்காரன் அவ்வளவு கொடுத்திருக்கும்போது நாம் ஏன் பாதியில் நிற்க வேண்டும்? ஃபுல் மீல்ஸுக்கு டோக்கன் வாங்கிவிட்டு யாராவது சாம்பாரோடு எழுந்திருப்பார்களா? இடிச்சத்தம், ரயில் சத்தம் எல்லாம் போட்டுப் பார்த்தோம். தரை அதிர்ந்தது. மனிதக் குரலைப் போட்டுப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஆண்கள் கூடத்தில், பெண்கள் திரைக்கு உள்ளே. சினிமா வேண்டாம், மரியாதையாக இருக்கட்டும் என்று செட்டோடு இலவசமாக வந்த டிவிடியைப் போட்டேன். கடலைப் பற்றிய படம். திமிங்கலம் ஒன்று புரண்டது. அடித்தொண்டைக்காரர் ஒருவர் இங்கிலீஷில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து ஓர் அலறல்.

"யா அல்லா! பீரோவுக்குள்ள ஆம்பளை பேசுறான்!" மாப்பிள்ளையின் அம்மா.

கூடம் உறைந்தது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. திருகு உச்சத்தில் இருந்ததால் விளக்கக்காரரின் குரலில் பாதி உள்ளறைக்குக் குடிபோயிருந்தது. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுவதுபோல அங்கே அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதுவும் பெண் பார்க்க வந்த நாளில், பெண்ணின் பீரோவுக்குள்ளிருந்து! பதறிப்போய் ரிமோட்டில் படத்தை நிறுத்தினேன். பெரிய தப்பு.

"நம்ம சத்தம் கேட்டதும் மூச்சுக் காட்டாம நிக்கிறான் பாருங்க! பீரோவத் தொறங்கடி!"

பீரோ திறக்கும் சத்தம். புடவைகள் சரியும் சத்தம். மாப்பிள்ளையின் பெரியத்தா எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார். "டேய், டிரைவர வண்டிய எடுக்கச் சொல்லு." ஜலீலின் அத்தா முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். (தரையில் நின்றிருந்தாலும் கேட்டிருக்கும்.) "அம்மா! அது ஆளு இல்லீங்க, பொட்டி! பீரோவுக்குப் பின்னால இருக்கு! நான் மறுபடி போடுறேன், பயப்படாம கேளுங்க! இப்பவே வெளிய வர வச்சிடுறேன்!"

"யார வெளிய வர வைக்கிற?" என்றார் பெரியத்தா.

அடுத்த சிக்கல். திருகு உள்ளே. விருந்தாளிப் பெண்கள் இருக்கும் அறைக்குள் நான் போக முடியாது. ஜலீலும் முடியாது, அத்தாவும் முடியாது. அந்த நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து மெஹ்ருன் அக்காவின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: "எதத் திருவணும்னு சொல்லித் தொலைடா."

"பின்னாடி மூணு திருகு இருக்குக்கா, நடுவுல உள்ளது. எடது பக்கமா."

"எனக்கு எடதா, பொட்டிக்கு எடதா?"

"உங்களுக்குக்கா! எறும்பு ஊர்ற மாதிரி மெதுவா!"

படம் ஓடியது. அக்கா திருகினாள். அதுதான் என் வாழ்க்கையின் மகத்தான காட்சி. பீரோவுக்குள் இருந்த வெள்ளைக்காரர் மெல்லக் கதவைத் திறந்து, திரையைத் தாண்டி, பெரியத்தாவைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து, டிவிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பி அவருக்கு வழிவிட்டார்கள்.

ஆனால் அக்கா இருந்த கோபத்தில் திருகை மறுகோடிக்கே கொண்டுபோய்விட்டாள். வெள்ளைக்காரருக்கு ஜலதோஷம் பிடித்தது. குரல் மூக்கால் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், அதுவரை தலை குனிந்தே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துனா சரியா இருக்குமுங்க."

யாரிடம் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளைக்காரரின் மூக்கடைப்பு மெல்ல விலகியது. பிறகு, நான் அதுவரை கேட்டே இராத மென்மையில் அக்காவின் குரல்:

"இப்பப் போதுங்களா?"

"போதுமுங்க. நல்லாருக்கு."

அந்தக் கணத்தில் திமிங்கலம் அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் விட்டது. பெட்டி உள்ளே, ஆனால் முழக்கம் சாட்சாத் திமிங்கலத்தின் வாயிலிருந்தே வந்தது. பெரியத்தா குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. உட்கார்ந்தார். துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

உள்ளே மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "பேசிக்கிட்டாங்களே ரெண்டு பேரும்! இனிமே நாம என்னத்தப் பேசுறது? டீயக் கொண்டாங்கடி."

நிக்காஹ் முடிந்து அக்கா அரியலூருக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் சாவி காணோம், சீப்பு காணோம் என்று எதைத் தேடினாலும் மாமியார் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வெள்ளக்காரன் எடுத்திருப்பான், பீரோவுல பாரு." மாப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தால், "திருக எந்தப் பக்கம் திருவணும்னு அந்தத் தம்பிக்குப் போன் போடுங்க" என்கிறாராம் பெரியத்தா.

போன வாரம் நிஜமாகவே போன் வந்தது. மாமியார்தான். மாப்பிள்ளை அவர்கள் வீட்டுக்கும் ஒரு செட் வாங்கிவிட்டாராம், நான்தான் வந்து பொருத்த வேண்டுமாம். "ஆனா தம்பி, பொட்டி ஆம்பளைங்க பக்கந்தான் இருக்கணும், ஆமா."

சரி என்று சொல்லியிருக்கிறேன். பிரவுசிங் சென்டரில் இந்த முறை இரண்டாவது வரியையும் படித்துவிட்டேன்: மனிதக் குரலுக்குத் திசை உண்டாம். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது: ஒரு சப்வூஃபரைவிட இரண்டு இருந்தால் வீடு முழுக்க ஒரே சீராகக் கேட்குமாம். ஒன்று கூடத்தில், மாமியார் சொன்னபடியே. இன்னொன்றுக்கு, நிக்காஹ் விருந்தன்று எட்டிப் பார்த்த அவர்கள் சமையலறையில், மாவு டின்னுக்குப் பக்கத்தில், அளவெடுத்தாற்போல் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.