நாநயக் கட்சியின் பொருளாதாரம்

உலகப் பொருளாதார வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் தலைவர் பல் விளக்கும்போது சிந்தித்ததற்கு முன், சிந்தித்ததற்குப் பின். பணமே வேண்டாம், பொருளுக்கும் உழைப்புக்கும் பாராட்டையே விலையாகக் கொடுத்தால் போதும் என்று அன்று அவருக்குத் தோன்றியது. வாய் கொப்பளிப்பதற்குள் 'நாநயக் கட்சி' பிறந்துவிட்டது. 'நாநயமே நாணயம்' என்ற முழக்கம் கொள்கை பரப்புச் செயலாளரான அடியேனுடையது. தலைவரோடு சேர்த்து உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் தலைவரின் மைத்துனர். அக்காவுக்குப் பயந்து சேர்ந்தவர்.

முதல் 'கள ஆய்வு' முடிதிருத்தும் கடையில் நடந்தது. தேர்தல் சுவரொட்டிக்குப் படம் எடுக்க வேண்டும் என்று தலைவர் மீசையைச் சீராக்க உட்கார்ந்தார். இடப்பக்கம் முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க கையில இருக்கறது கத்தரி இல்லங்க, தூரிகை."

"சந்தோஷம். காசு?"

"இப்பதானே குடுத்தேன்."

கடைக்காரர் யோசித்தார். கத்தரியைக் கீழே வைத்தார். "அது இந்தப் பக்கத்துக்குச் சரியாப் போச்சு. அந்தப் பக்கத்துக்கு?"

தலைவர் அசரவில்லை. நாற்காலியைப் புகழ்ந்தார். மின்விசிறியைப் புகழ்ந்தார். கடைக்காரரைப் பெற்ற தாயைப் புகழ்ந்தார்.

"எங்கம்மாகிட்ட நீங்க பேசினதில்ல," என்றார் கடைக்காரர். "பேசியிருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க."

புகழ் பெருகப் பெருக அதன் மதிப்பு இறங்கியது. இதைத்தான் மேதைகள் 'பணவீக்கம்' என்கிறார்கள். சுவரொட்டியில் தலைவர் பக்கவாட்டில் திரும்பி எதிர்காலத்தை நோக்கியதற்கு இதுவே காரணம்.

தேர்தலில் நான்கு ஓட்டு விழுந்தது.

"கை தவறிடுச்சு மச்சான்," என்றார் மைத்துனர்.

ஆனால் நல்ல கொள்கை வீண்போகாது. ஆளுங்கட்சி கார் அனுப்பித் தலைவரை அழைத்துக்கொண்டது. இன்று அவர் அரசின் 'ஊதியச் சீர்திருத்த ஆலோசகர்'. சம்பளத்தைக் கூட்டிக் கேட்ட துப்புரவுப் பணியாளர்களுக்கு மாலை போட்டு, அமைச்சர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். செவிலியர்களுக்குக் கவிதையே வாசித்தார்கள்.

வாழ்த்தச் சென்ற நான், குளிரூட்டிய அறையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்க சம்பளமும் பாராட்டுதானா தலைவரே?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நம்மள எவன்யா பாராட்டுறான்? வேற வழியில்லாம பணமா வாங்கித் தொலைக்கிறேன்."

அந்தக் குறை இனி அவருக்கு வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதினேன். மனதாரப் பாராட்டிவிட்டேன், வாங்கிய பணத்தை அவர் கஜானாவில் திருப்பிக் கட்டிவிடலாம்.